மீட்டர் விலை வேறு, ஜன்னல் விலை வேறு: புதுச்சேரி, கடலூர் வீடுகளுக்கு டிசைனர் துணி வாங்கும் கணக்கு

நேரு வீதிக் கடையொன்றில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரீன் (திரைச்சீலை) துணிகள். ஒன்று மீட்டர் 300 ரூபாய், மற்றது 380. கனமும் ஒன்றுதான், பூவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரும்பாலோர் யோசிக்காமல் 300 ரூபாய்த் துணியை வெட்டச் சொல்வார்கள். கடைக்காரர் பன்னாவை, அதாவது துணியின் அகலத்தை, சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. 300 ரூபாய்த் துணி 44 இன்ச் பன்னா. 380 ரூபாய்த் துணி 54 இன்ச். இதில் எது மலிவு என்று மீட்டர் விலை சொல்லாது, ஜன்னல்தான் சொல்லும்.

போட்டுப் பார்ப்போம். (இந்தக் கட்டுரையில் வரும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, இன்றைய சந்தை விலை அல்ல.) ஜன்னல் 4 அடி அகலம், 5 அடி உயரம். ராடு ஜன்னலைவிட இருபக்கமும் 6 இன்ச் நீண்டிருக்க வேண்டும், ஆக 60 இன்ச். மடிப்பு அழகாக விழ வேண்டுமானால் ராடு நீளத்தைப்போல் ஒன்றே முக்கால் முதல் இரண்டு மடங்கு துணி வேண்டும். 54 இன்ச் துணியில் இரண்டு பேனல் (தொங்கவிடும் துண்டு) 108 இன்ச். ஓரத் தையலுக்கு 6 இன்ச் போனால் 102, அதாவது 1.7 மடங்கு. போதும். 44 இன்ச் துணியில் இரண்டு பேனல் போட்டால் தையல் போக 82 இன்ச்தான் நிற்கும், 1.37 மடங்கு. மூடும்போது மடிப்பே இல்லாமல் விறைப்பாகத் தொங்கும். அதனால் மூன்றாவது பேனல் வாங்கி, அதை நடுவில் வெட்டி, இருபக்கமும் ஒட்டுப்போட வேண்டும்.

உயரத்துக்கு வருவோம். ஜன்னல் 60 இன்ச், மேலே 4, கீழே 6, ஆக 70. ஐலெட் (ராடு நுழையும் வளையம்) அடிக்கும் மேல் மடிப்புக்கு 5 இன்ச், கீழ் மடிப்புக்கு 6 இன்ச் சேர்த்தால் 81. பருத்தி என்றால் சுருக்கத்துக்கு இன்னொரு 5 இன்ச். பேனல் ஒன்றுக்கு 86 இன்ச். 54 இன்ச் பன்னாவில் இரண்டு பேனல் 172 இன்ச், கடைக் கணக்கில் 4.4 மீட்டர், 1,672 ரூபாய். 44 இன்ச் பன்னாவில் மூன்று பேனல் 258 இன்ச், 6.6 மீட்டர், 1,980 ரூபாய். மலிவு என்று தோன்றியது ஜன்னலுக்கு 308 ரூபாய் கூடுதல். ஒட்டுப்போடும் தையல்கூலி இதில் சேரவில்லை. ஐந்து ஜன்னல் வீட்டில் இது ஒரு நல்ல மெத்தை விரிப்பின் காசு.

ஆகவே கடைக்குள் நுழையும்போது கையில் இருக்க வேண்டியது நிறப்பட்டியல் அல்ல. ஒவ்வொரு ஜன்னலுக்கும் ராடு நீளம், தொங்கும் உயரம், எத்தனை பேனல் என்று எழுதிய தாள். விலை கேட்டவுடன் அடுத்த கேள்வி "பன்னா எவ்வளவு?" என்பதாக இருக்கட்டும். சட்டை, சுடிதார் துணி 36 முதல் 44 இன்ச் வரை வரும், சிலது 58. ஸ்க்ரீன், சோபா துணி 48 அல்லது 54. மெத்தை விரிப்புத் துணி 90, 108. மெல்லிய வலைத்துணியில் 110 இன்ச்சும் அதற்கு மேலும் உண்டு. அதை நீளவாக்கில் தொங்கவிடாமல் பக்கவாட்டில் திருப்பிப் போடுவார்கள். துணியின் பன்னாவே ஸ்க்ரீனின் உயரமாகிவிடும். பால்கனிக் கதவு எத்தனை அடி அகலமானாலும் ஒரு மூட்டுக்கூட இல்லாமல் முடியும்.

டிசைனர் துணி என்று விற்பதில் மாட்டிக்கொள்ளும் இடம் ரிப்பீட். பெரிய பூ, பெரிய மரம், பறவை என்று வரும் துணிகளில் ஒரு முழு டிசைன் முடிந்து மீண்டும் தொடங்கும் தூரம்தான் அது. சாம்பிள் புக்கின் பின்பக்க லேபிளில் செ.மீ. கணக்கில் இருக்கும், 64 செ.மீ. என்றால் 25 இன்ச். பக்கத்துப் பக்கத்துப் பேனலில் கிளியின் தலை ஒரே உயரத்தில் நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு பேனலும் டிசைனின் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும். 86 இன்ச் தேவைப்படும் இடத்தில் 100 இன்ச் வெட்ட வேண்டி வரும், நான்கு முழு ரிப்பீட். பத்து பேனலுக்கு (கடைசிப் பேனலுக்கு மட்டும் 86 போதும்) 986 இன்ச், 25 மீட்டர். ரிப்பீட் இல்லாத துணியில் 22 மீட்டரில் முடிந்திருக்கும். மீட்டர் 600 என்றால் ஏறத்தாழ 1,900 ரூபாய் வெட்டுத்துண்டாகப் போகிறது. அந்தத் துண்டுகள் 14 இன்ச் உயரமுள்ளவை. ஸ்க்ரீனை ஒதுக்கிக் கட்டும் பட்டைக்கும் சிறிய தலையணை உறைக்கும் ஆகும், ஆனால் அதற்காகவா அந்த விலை கொடுத்தோம்? 86-க்குள் சரியாக அடங்கும் ரிப்பீட்டைத் தேடுவது புத்திசாலித்தனம். 28 இன்ச் ரிப்பீட் மூன்று முறை 84. கீழ் மடிப்பில் இரண்டு இன்ச் குறைத்தால் துணி வீணே ஆகாது. 43 இன்ச்சும் அப்படியே.

இந்தப் பெரிய பூப்போட்ட துணிகளுக்கு பிரெஞ்சுப் பெயர் சூட்டி, புத்தகத்தில் ஒட்டி, மீட்டருக்கு நான்கு இலக்க விலை சொல்லும்போது ஒன்றை நினைவில் கொள்ளலாம். சோழமண்டலக் கரையில் கையால் வரைந்தும் அச்சு வைத்தும் சாயம் போட்ட பருத்தித் துணிதான் ஐரோப்பாவுக்கே இந்த ருசியைக் காட்டியது. அது அங்கே அவ்வளவு விற்றதால், தன் பட்டு, கம்பளி நெசவாளர்களைக் காக்க பிரான்ஸ் 1686-ல் அச்சிட்ட பருத்தித் துணியைத் தடைசெய்தது. தடை நீங்கியது 1759-ல். மறு வருடமே ழுயி என்ற ஊரில் ஓபர்காம்ப் தன் அச்சுப்பட்டறையைத் தொடங்கினார். இன்று ஒற்றை நிறத்தில் கிராமக் காட்சிகள் அச்சிட்டு வரும் 'துவால் த ழுயி' துணிகளின் தொடக்கம் அந்தப் பட்டறை. புதுச்சேரியிலிருந்து நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது தனிக் கதை. ஊர்க்காரர்கள் ரோடியர் மில் என்று அழைத்த ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ ஃப்ரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ்) 1898-ல் தொடங்கி 2020-ல் மூடப்பட்டது. ஆக, இன்று புதுச்சேரிக் கடைகளில் இருக்கும் வீட்டு அலங்காரத் துணி பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. பாலியெஸ்டர் என்றால் சூரத், கனமான நெசவு என்றால் பானிபட், பருத்தி என்றால் கரூர், ஈரோடு. இது தெரிந்தால் பேரம் பேசுவதிலும் ஒரு தெளிவு வரும்.

விலை ஏறுவது எதனால்? துணிக்காக மட்டும் அல்ல. சாம்பிள் புக் அச்சிடும் செலவு, ஒவ்வொரு டிசைனையும் இருப்பில் வைத்திருக்கும் செலவு, வேண்டிய அளவு வெட்டித் தரும் வசதி, எல்லாம் அந்த மீட்டர் விலைக்குள் இருக்கிறது. அதனால்தான் ஒரு டிசைன் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டதும் அதே துணி சரிந்த விலைக்கு வருகிறது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "டிஸ்கன்டினியூ ஆன டிசைன்ல ரோல் ஏதாவது மிச்சம் இருக்குங்களா?" பத்துப் பன்னிரண்டு மீட்டர் மிச்சமுள்ள ரோல் கடைக்காரருக்கு இடத்தை அடைக்கும் சரக்கு, நமக்கு ஒரு ஹாலுக்குப் போதுமான துணி. பழைய சாம்பிள் புக்கையே கொடுத்துவிடும் கடைகளும் உண்டு. அதிலுள்ள துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் திண்டு உறை ஆகும். ஒரே புத்தகத்தில் உள்ள நிறங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி தேர்ந்தவை, அந்த வேலையும் நமக்கு மிச்சம்.

ஆனால் உண்மையான சிக்கனம் வேறிடத்தில் இருக்கிறது: டிசைனர் துணியைப் பரப்பாமல் பட்டையாக வைப்பது. மூன்று ஜன்னலுக்கு ஆறு பேனல், பேனலுக்கு 2.2 மீட்டர், மொத்தம் 13.2 மீட்டர். மீட்டர் 900 ரூபாய்த் துணியில் முழுக்கப் போட்டால் 11,880 ரூபாய். அதையே மீட்டர் 180 ரூபாய் வெற்றுத் துணியில் போட்டு, கீழே ஒரு அடி உயரத்துக்கு மட்டும் அந்த 900 ரூபாய்த் துணியைப் பட்டையாக வைத்தால்? ஆறு பட்டைக்கு 72 இன்ச், 2 மீட்டருக்குள் முடியும், 1,800 ரூபாய். வெற்றுத் துணி 12 மீட்டர், 2,160. மொத்தம் 3,960. தையல்கூலி பேனலுக்குக் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். கண் முதலில் போவது பட்டைக்குத்தான். திண்டில் அதே துணி ஒரு துண்டு வந்தால் ஹால் முழுக்க அந்தத் துணி போட்டதாகவே தோன்றும்.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான், ஆனால் அடிக்கடி கெடும். இரண்டு துணியும் ஒரே அளவில் சுருங்காது. வெற்றுப் பருத்தி 6 சதம் சுருங்கி, பாலியெஸ்டர் கலந்த பட்டை சுருங்காமல் நின்றால், முதல் துவைப்பிலேயே மூட்டு நெளிந்து அலை அலையாக நிற்கும். பிரித்துத் தைப்பதைத் தவிர வழியில்லை. இரண்டையும் தைக்கும் முன்பே தண்ணீரில் போட்டு எடுங்கள்.

பட்டை வைக்கும் வெற்றுத் துணியைத் தேடிப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காடா துணி. வெளுக்காத, சாயம் போடாத பருத்தி. விலை குறைவு, தொங்கும் விதம் நன்று. பழைய புதுச்சேரி வீடுகளின் உயர்ந்த கதவு ஜன்னல்களுக்கு, சுண்ணாம்புச் சுவருக்கு, மரப்பலகைக் கதவுக்கு அதன் பழுப்பு வெள்ளைபோல் பொருந்துவது வேறில்லை என்பது என் கட்சி. ஒரே குறை, அதில் கஞ்சி ஏராளம். முதல் நனைப்பில் 8 சதம் வரை சுருங்கினாலும் ஆச்சரியமில்லை. இரவு முழுக்க ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே அளக்க வேண்டும்.

அடுத்தது, மெத்தை விரிப்பையே ஸ்க்ரீனாக்குவது. சென்னிமலை விரிப்போ கோ-ஆப்டெக்ஸ் விரிப்போ, 90க்கு 108 இன்ச் இரட்டை விரிப்பு ஒன்றை எடுங்கள். 108 பக்கத்தை நடுவில் வெட்டினால் 54 இன்ச் அகலம், 90 இன்ச் உயரத்தில் இரண்டு பேனல். முதலில் பார்த்த 4 அடி ஜன்னலுக்கு ஒரு ஜோடி ஆயிற்று. கீழ் மடிப்பு ஏற்கெனவே தைத்து வந்திருக்கும். மேலே 5 இன்ச் மடித்தால் 85 நிற்கும், சுருங்காத விரிப்பானால் 7 அடிக் கதவுக்குக்கூட சரியாக வரும். வெட்டிய ஓரம் இரண்டையும் மட்டும் மடித்துத் தைத்து ஐலெட் அடித்தால் போதும். ஆனால் ஒன்று, தைக்கும் முன் ஒரு துவைப்பு போட்டு உயரத்தை அளந்துகொள்ள வேண்டும், சுருங்கும் விரிப்பானால் 7 அடிக் கதவில் நான்கு இன்ச் மேலேறி நிற்கும். மீட்டர் கணக்கில் வாங்கும் துணிகள் பல இந்த விலைக்கு அருகில் வராது. அதிலும் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு வழக்கமாகக் கொடுக்கும் 30 சதத் தள்ளுபடியில் வாங்கினால். 1935 முதல் இயங்கும் அந்தச் சங்கத்தை அம்மாக்களின் புடவைக் கடை என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் பின்வரிசை அலமாரியைப் பார்ப்பதே இல்லை.

கைத்தறி, விசைத்தறிக் கட்டம், கோடு போட்ட துணிகளில் இன்னொரு லாபம் உண்டு. நூலிலேயே சாயம் ஏற்றி நெய்வதால் முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்கும். அச்சடித்த துணியின் பின்பக்கம் தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு வெளிறிப்போய்த் தெரியும், அதை மறைக்க லைனிங் போட வேண்டும். நூல்சாயத் துணிக்கு அது வேண்டாம். வெயில் பட்டு ஒரு பக்கம் வெளுத்தால் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். இதற்காகவே ஓர மடிப்பை இருபக்கமும் பார்க்கும்படி சுத்தமாகத் தைக்கச் சொல்ல வேண்டும்.

கடலூர்க்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில், வடலூருக்கு அருகே, குறிஞ்சிப்பாடி இருக்கிறது. கைலி நெசவுக்குப் பேர்போன ஊர். கட்டக் கைலியைத் திண்டு உறையாக்குவது பழைய யோசனை, ஆனால் கணக்குப் போட்டுச் செய்பவர்கள் குறைவு. மூட்டாத கைலி கேட்டு வாங்குங்கள். மூட்டிய கைலியின் தையலைப் பிரித்தால் ஊசித் தடம் நிற்கும். 2 மீட்டர் நீளம், 47 இன்ச் அகலம் என்று வைத்துக்கொண்டால், 79 இன்ச் நீளத்தை 17 இன்ச் அகலப் பட்டைகளாக வெட்டினால் நான்கு பட்டை, ஒவ்வொன்றும் 47 இன்ச் நீளம். 16 இன்ச் திண்டுக்கு ஜிப் இல்லாத உறை தைக்க முன்பக்கம் 16, பின்பக்கம் 16, ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பகுதி 5, இரு முனை மடிப்புக்கு 2, மொத்தம் 39 இன்ச். பட்டைக்கு ஒரு உறை, மிச்சம் 8 இன்ச் விளிம்பு பைப்பிங்குக்கு. ஒரு கைலி, நான்கு உறை. ஆனால் கட்டம் நேராக விழ வேண்டும். கத்திரிக்கோலை நம்பாமல் ஊடை (குறுக்கு) நூல் ஒன்றை உருவி, அந்தக் கோட்டில் வெட்டினால் நேர் பிசகாது.

பருத்திப் புடவையும் இதேபோல் ஆகும். ஐந்தரை மீட்டரில் 8 அடி பேனல் இரண்டு எடுத்தபிறகும் முந்தானைத் துண்டு திண்டுக்கு மிஞ்சும். கரை இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழே ஓடும், பார்டர் தனியாக வாங்க வேண்டாம். வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய துணி என்பதால் படுக்கையறைக்கு லைனிங் இல்லாமல் ஆகாது. பவானி ஜமக்காளத்தை மட்டும் வெட்டாதீர்கள். ஊடை நூல் அடர்ந்து நெய்த துணி அது, வெட்டிய இடத்திலிருந்து பிரிய ஆரம்பித்தால் நிற்காது. ஊஞ்சல் பலகைக்கு, திண்ணைக்கு, ஜன்னலோர மேடைக்கு அளவு பார்த்து முழுதாக வாங்கி விரிப்பதே நல்லது.

காந்தி வீதி ஞாயிறு சந்தையைப் பற்றி: துணி கிடைக்கும், பொறுமை இருந்தால் நல்ல துணியும் கிடைக்கும். ஆனால் அங்கே கலம்காரி (கையால் வரைந்தோ மரஅச்சு வைத்தோ சாயம் போட்ட துணி) என்று கூவி விற்கும் விரிப்புகளும் துணிகளும் பெரும்பாலும் ஸ்க்ரீன் பிரிண்ட், அதாவது வலைச்சட்டம் வைத்து அச்சிட்டவை. அதில் தவறொன்றுமில்லை, அந்த விலைக்கு அது சரி. கலம்காரி விலை கேட்டால்தான் தவறு. மரஅச்சு வைத்த துணியில் அச்சும் அச்சும் சேரும் இடத்தில் ஒரு நூலிழை பிசகு இருக்கும், நிறம் ஓரிடத்தில் அழுத்தம், ஓரிடத்தில் மென்மை. எங்கு பார்த்தாலும் பூக்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் அது ஸ்க்ரீன் பிரிண்ட்தான். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நிறம் பின்னால் ஊறியிருந்தால் சாயம் நூலுக்குள் போயிருக்கிறது. பின்னால் வெள்ளையாக, முன்னால் தடவியதுபோல் விறைப்பாக இருந்தால் பிக்மென்ட் பிரிண்ட், உரசும் இடங்களில் உதிரும். ஸ்க்ரீனுக்கு ஆகும், நாற்காலி இருக்கைக்கு ஆகாது. உண்மையான இயற்கைச் சாயக் கலம்காரி வாங்கிவிட்டீர்கள் என்றால் நேர்வெயில் படும் ஜன்னலில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள்.

எக்ஸ்போர்ட் சரக்கு என்பதும் இப்படித்தான், இரண்டு வகை. ஆர்டருக்கு மேல் நெய்து மிஞ்சியது ஒன்று, குறை கண்டு ஒதுக்கியது மற்றது. முதலாவது புதையல். இரண்டாவது, குறை எதுவென்று தெரிந்தால் மட்டும் லாபம். ஊடை நூல் விட்டுப்போன கோடு, எண்ணெய்க் கறை, அச்சு நகர்ந்தது, நிற லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதி) மாறியது ஆகியவைதான் வழக்கமான குறைகள். முதல் மூன்றையும் வெட்டி ஒதுக்கலாம். லாட் மாற்றத்தை ஒன்றும் செய்ய முடியாது. கடையின் குழல்விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு ரோல் வீட்டு ஜன்னலில் மாட்டியதும் இரண்டு நிறமாக நிற்கும். துணியை வாசல்வரை கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு அறைக்குள்ள துணி முழுவதையும் ஒரே லாட்டில், ஒரே தடவையில் வாங்குங்கள். "10 மீட்டர் பீஸ்" என்றால் இடையில் வெட்டு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆறும் நான்குமாக இருந்தால் உங்கள் கணக்கே மாறும்.

கிலோவுக்கு விற்கும் இடங்களில் ஒரு சின்னக் கணக்கு தேவை. துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்பார்கள், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. 200 ஜி.எஸ்.எம்., 54 இன்ச் பன்னா (1.37 மீட்டர்) என்றால் ஒரு மீட்டர் துணி 274 கிராம். கிலோவுக்கு 3.65 மீட்டர் வரும். கிலோ 400 ரூபாய் என்றால் மீட்டர் 110. அதே 400 ரூபாய்க்கு 350 ஜி.எஸ்.எம். சோபா துணி வாங்கினால் கிலோவுக்கு இரண்டு மீட்டரும் சொச்சமும்தான். கிலோ கடையில் மெல்லிய துணி லாபம், கனத்த துணியில் அவ்வளவு இல்லை. வலைத்துணி 100 ஜி.எஸ்.எம்.முக்குக் கீழே, சாதாரண ஸ்க்ரீன் 150 முதல் 250, சோபா 300-க்கு மேல் என்று கணக்கு வைத்துக்கொண்டால் கையால் தொட்டே ஊகிக்கப் பழகிவிடும்.

பெரிய அளவில், அதாவது வீடு முழுக்க ஐம்பது மீட்டருக்கு மேல் வாங்குபவர்களுக்கு சென்னை ஜார்ஜ் டவுன் கோடவுன் தெருவுக்கோ ஈரோட்டு வாரச் சந்தைக்கோ போய்வருவது பொருந்தும். இரண்டு ஜன்னலுக்காகப் போனால் பயணச் செலவிலேயே லாபம் கரையும். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கினாலே அந்தத் தேவைக்குப் போதும்.

வாங்கும் முன் சோதனை. முழு அளவையும் வெட்டச் சொல்லாமல் முதலில் கால் மீட்டர் வாங்குங்கள். கொடுக்க மறுக்கும் கடையில் பெரிய தொகைக்கு வாங்க வேண்டாம் என்பேன். வீட்டில் அதன்மேல் பால்பாயின்ட் பேனாவால் 20க்கு 20 செ.மீ. கட்டம் வரைந்து, வெதுவெதுப்பான சோப்புநீரில் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அளங்கள். 19 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 5 சதம். நீளவாக்கிலும் குறுக்கிலும் தனித்தனியே அளக்க வேண்டும், பொதுவாகப் பாவு (நீளவாக்கு நூல்) பக்கம்தான் அதிகம் சுருங்கும். ஸ்க்ரீனில் அதுதான் உயரம். அடுத்து, நனைத்துப் பிழிந்த வெள்ளைக் கைக்குட்டையால் இருபது தடவை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் பிடித்தால், வெளிர்நிற சோபாவில் அந்தத் திண்டு ஒரு வேர்க்கும் காலத்தைத் தாங்காது. மூன்றாவது, ஓரத்திலிருந்து நான்கைந்து நூல் உருவி, இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலாகத் தீயில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனையும் தொட்டால் உதிரும் சாம்பலும் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பாலியெஸ்டர். "பியூர் காட்டன்" என்று சொன்னது எவ்வளவு பியூர் என்று அரை நிமிடத்தில் தெரியும்.

வெயில் சோதனைக்கு நேரம் வேண்டும். துண்டின் பாதியை அட்டையால் மூடி, அதை மாட்டப்போகும் ஜன்னலிலேயே இரண்டு வாரம் ஒட்டிவையுங்கள். சாம்பிள் புக் துணியாக இருந்தால் லேபிளில் வெளிச்சத் தாங்குதிறன் 1 முதல் 8 வரை எண்ணாக இருக்கும். ஸ்க்ரீனுக்கு 5-க்குக் குறையாமல் பாருங்கள். கிழக்கே கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் காலைவெயில் நேராக வரும், மேற்கு ஜன்னலுக்கு மதியத்துக்கு மேல் வரும் வெயில் அதைவிடக் கடுமை. இந்த இரண்டிலும் கருநீலம், கரும்பச்சை, மெரூன் மாட்டுவதாக இருந்தால் லைனிங் இல்லாமல் மாட்ட வேண்டாம். லைனிங்கை மேல்மடிப்பில் மட்டும் சேர்த்து, கீழே தனியாகத் தொங்கவிட வேண்டும். கீழேயும் சேர்த்துத் தைத்தால் இரண்டில் ஒன்று சுருங்கி மற்றதை இழுக்கும்.

கடற்கரை ஊரின் தனிப் பிரச்சினை உப்புக்காற்று. துணியைவிட முதலில் கெடுவது ஐலெட்டும் கொக்கியும்தான். பித்தளைப் பூச்சு பூசிய இரும்பு ஐலெட் கடையில் பளபளக்கும். கடலுக்கு அருகில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்து, ஈரம் பட்டதும் துணியில் காவிக்கறை இறங்கும். அந்தக் கறை எளிதில் போகாது. பிளாஸ்டிக் ஐலெட் அல்லது எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ராடு, ரிங் என்று சொல்லி வாங்குங்கள். காந்தத்தை வைத்துப் பார்த்தால் பூச்சுக்குள் இரும்பு ஒளிந்திருப்பது தெரிந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கரும்புள்ளிப் பூஞ்சை வரும். அதற்கு வேண்டியது ஈரமும் உணவும். கஞ்சி அதற்கு நல்ல உணவு, ஆகவே மழைக்கு முன் ஸ்க்ரீனுக்குக் கஞ்சி போடாதீர்கள். ராடைச் சுவரிலிருந்து மூன்று இன்ச்சாவது தள்ளி அடியுங்கள், ஓதம் ஏறிய சுவரில் துணி ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. தரையிலிருந்து ஒரு இன்ச் மேலே நிற்கட்டும். தரையில் புரளும் ஸ்க்ரீன் படத்தில் அழகு, தினமும் தரை துடைக்கும் வீட்டில் அதன் அடிவிளிம்பு அழுக்குப் பட்டை. சாரல் அடிக்கும் ஜன்னலுக்குப் பாலியெஸ்டர் கலந்த துணியே உத்தமம் என்பதை கைத்தறிப் பிரியர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சோபா விஷயத்தில் சுருக்கமாக: ஸ்க்ரீன் துணியை சோபாவுக்குப் போடாதீர்கள். உட்கார்ந்து எழும் இழுப்பில் தையல் ஓரத்தில் நூல் விலகி, வாய் பிளந்துவிடும். லேபிளில் மார்ட்டிண்டேல் எண் (எத்தனை உரசலைத் துணி தாங்கும் என்ற கணக்கு) இருந்தால் அன்றாடம் உட்காரும் சோபாவுக்கு 20,000-க்குக் குறையாமல் எடுங்கள். எண் இல்லாத துணியில் கட்டைவிரல் நகத்தால் நூலை ஒருபக்கமாகத் தள்ளிப் பாருங்கள், எளிதில் வழிவிட்டால் வேண்டாம். பூனை வளர்க்கும் வீட்டுக்குச் செனில் (பஞ்சுபோல் நூல் சிலிர்த்து நிற்கும்) துணி ஆகவே ஆகாது. மூன்று பேர் சோபாவுக்கு 54 இன்ச் பன்னாவில் 10 முதல் 12 மீட்டர் கேட்பார்கள். டிசைனர் துணி அங்கே போனால் பட்ஜெட் போயிற்று. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் வைத்துக்கொள்ளலாம்: 18 இன்ச் இருக்கைக்கு 24க்கு 24 இன்ச் துண்டு, 54 இன்ச் பன்னாவில் அகலவாக்கில் இரண்டு. ஆறு நாற்காலிக்கு 72 இன்ச், அதாவது 2 மீட்டருக்குள். விலையுயர்ந்த துணியை இப்படி எண்ணி வெட்டும் இடங்களில்தான் செலவழிக்க வேண்டும்.

தையல்காரரிடம் வாய்ச்சொல்லாக எதையும் விடாதீர்கள். தைத்து முடிந்த அகலம், உயரம், மேல் மடிப்பு, கீழ் மடிப்பு, ஐலெட் எண்ணிக்கை என்று பேனல் வாரியாக எழுதிக் கொடுங்கள். ஐலெட் எப்போதும் இரட்டைப்படையில்தான், அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கும். 54 இன்ச் பேனலுக்கு எட்டு. ஒரு இன்ச் ராடுக்கு 40 மி.மீ. உள்வட்டம் இருந்தால் சிக்காமல் ஓடும். கூலி பேனல் கணக்கா மீட்டர் கணக்கா, ஐலெட்டும் மேல்மடிப்பின் கேன்வாஸ் பட்டையும் அதில் சேர்ந்ததா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள், சண்டை வருவது இங்கேதான். கனத்த பருத்தியாக இருந்தால் கீழ் மடிப்பை ஊசிநூலால் தற்காலிகமாக ஓட்டி, மூன்று நான்கு நாள் தொங்கவிட்டு, இறங்குவது இறங்கியபிறகு தைக்கச் சொல்லுங்கள். சில தையல்காரர்கள் முகம் சுளிப்பார்கள், இரண்டாம் தடவை வரவேண்டுமே. அதற்கும் சேர்த்துக் கூலி பேசிவிட்டால் செய்வார்கள்.

வெட்டியதுபோக மிஞ்சிய துணியை, ஒரு மீட்டரானாலும், கூலியோடு விட்டுவிடாமல் திரும்பக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு பேனல் கிழிந்தாலோ இஸ்திரியில் கருகினாலோ அதே லாட் எந்தக் கடையிலும் கிடைக்காது. வைத்திருக்கும் துண்டையும் ஸ்க்ரீனோடு சேர்த்தே துவையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுப்போடும் நாளில் அது மட்டும் புதுநிறமாக நிற்கும்.